முத்துக்கடலும் யூதர்தம் நெஞ்சத் தூய்மை நெறியும்

தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தை அடுத்துக் கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்னும் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்பெற்று விளங்கின. ஆறு மண்ணிட்டுக் கடல் விலகவே கொற்கை தளர்ந்து காயல் எழுந்தது; காயலும் அவ்வாறே தளர்ந்தபின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் தலையெடுத்தன. துறை மாறியும் பண்டம் மாறவில்லை. மன்னார்க் குடாவின் பார்களில் விளைந்த முத்தே இத்துறைகள் அனைத்திற்கும் உயிராய் நின்றது. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த குளிப்புகளோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அத்தொழிலின் முறை நன்கு எழுதிவைக்கப்பட்டுளது.

குளிப்பவர் கல்லின் கனத்தால் பாருக்கு இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிட அளவையில் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையிலிடுவர். மேலே கயிறு பிடித்திருப்பவர் அவரை இழுத்துக் கொள்வர். கரையேறிய சிப்பிகளைக் கொட்டுகளில் இட்டு ஊன் அழுகவிடுவர். அந்நாற்றம் நெடுந்தொலை செல்லும். அழுகிய ஊனைப் பலமுறை கழுவி அகற்றிய பின்னரே முத்துத் தோன்றும். அதன்மேலும் வேலை முடிவதில்லை. பெட்டி என்னும் பித்தளைச் சல்லடைகள் பத்து உண்டு. முதற்பெட்டியில் 20 துளை. பின் முப்பது, ஐம்பது, எண்பது என மிகுந்து இறுதிப் பெட்டியில் 1000 துளை. இவற்றுள் இட்டுச் சலித்துப் பருமை கண்டு, பின் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதல் தூள் ஈறாக வகுப்பர். கடலினின்று எடுத்தலினும் இவ்வாறு தெரிதலே நீண்ட பணியாம்.

1292-ஐ ஒட்டி இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, குளிப்புக்காலம் ஏப்பிரல் முதல் மே நடுவரை என்றும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவார்க்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன என்றும் எழுதினார். குளிப்பவர் இந்நாட்டவர், வாங்குவோரிற் பலர் அயல்நாட்டவர். அவ்வயல்நாட்டு வாணிகக் குழுவினர்க்கு அஞ்சுவண்ணம் என்னும் பெயர் வழங்கிற்று. கி.பி. 849-இல் எழுதப்பெற்ற கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அப்பெயர் காணப்படுவதோடு, சான்றாளர் சிலர் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டிருத்தலும் கண்கூடு. தீத்தாண்டதானபுரத்து 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணம் உண்டு. யூதர் தென்கடற்கு அயலார் அல்லர் என்பது இவற்றால் விளங்கும்.

அவ்வினத்து மணி வாணிகர் ஒருவர் இந்தியக் கடலில் மூழ்கி இறந்ததும், அவர்தம் தமையனார் சிந்தையைச் சலித்துத் தூய்தாக்கி இறைவனை அணுகும் நெறியை வகுத்து எழுதியதும் வரலாற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றை இணைத்து நோக்குவார் சிலரேயாதலின், ஈண்டு விரித்துரைத்தல் தகும்.

மூழ்கியவர் தாவீது. தமையனார் மோசே மைமோனிடிஸ். இவர்தம் குடும்பம் இசுப்பானியத்துக் கோர்தோபாவில் இருந்தது. 1148-இல் அல்மொகாத்துகள் அந்நகரைக் கைப்பற்றியபின் நாடுவிட்டு நாடு பெயர்ந்து, பேசு நகரிலும் பின்னர் ஏக்கரிலும் தங்கி, 1166-ஐ ஒட்டி எகிப்தின் பழைய நகராகிய புஸ்தாத்தை அடைந்தது. தம்பி வாணிகஞ் செய்து பொருளீட்ட, தமையன் வீட்டிலிருந்து நூல் ஆராய்ந்தார். மறைநூற் கல்வியை வயிற்றுப்பிழைப்பிற்குக் கருவியாக்குதல் கூடாது என்பது மைமோனிடிசின் உறுதியான கொள்கை. அக்கொள்கையை அவர் காத்து நின்றது தம்பியின் உழைப்பினால் என்பதை மறத்தல் ஆகாது.

1170-ஐ ஒட்டித் தாவீது செங்கடற் கரையிலுள்ள ஐதாபு என்னும் துறையினின்று தமையனுக்கு ஒரு மடல் எழுதினார். புஸ்தாத்தின் யூதர் கோயிலில் கெனீசா என்னும் பழஞ்சுவடி அறை ஒன்று இருந்தது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறிதல் பிழையாதலின், பயனற்ற தாள்களை அதனுள் இட்டு வைத்தனர். அவ்வறையிலிருந்த சுவடிகளிற் பெரும்பகுதி 1896-97-இல் கேம்பிரிட்ச் நகர்க்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவற்றுள் இம்மடலும் ஒன்று. கூட்டத்தோடு செல்லாது துணைவர் ஒருவரோடு பாலையைக் கடந்தமை, அவ்வாறு பிரிந்து வந்ததே நலமாய் முடிந்தமை, பின்னே கூட்டத்தோடு வந்தவர் கொள்ளையிடப்பட்டமை, சிலர் நீர்வேட்கையால் மாண்டமை ஆகியன அதில் உள. ஐதாபுவில் அவுரிச் சாயமன்றி வாங்குதற்கு ஏதும் இல்லாமையால் இந்தியாவிற்குக் கப்பலேறத் துணிந்தார். பாலையிற் காத்தவன் கடலிலும் காப்பான் என்று தமையனைத் தேற்றி, தம் இளம் மனைவிக்கு ஆறுதல் கூறும்படி வேண்டினார். அவர் திரும்பவில்லை.

பல ஆண்டுகட்குப்பின் ஏக்கரிலிருந்த நண்பர் யாபேத்து பென் எலியாவுக்கு மைமோனிடிஸ் எழுதிய மடல் ஒன்று கிடைத்துளது. தம்முடையதும் தம்பியுடையதும் பிறருடையதுமாகிய பெரும்பொருளோடு தம்பி இந்தியக் கடலில் மூழ்கினார் என்றும், ஒரு சிறுமகளையும் கைம்பெண்ணையும் தம்மிடம் விட்டுச் சென்றார் என்றும், அச்செய்தி கேட்ட நாள்முதல் ஏறக்குறைய ஓராண்டு காய்ச்சலுற்றுப் படுக்கையில் கிடந்தார் என்றும் அம்மடல் கூறுகின்றது. எட்டாண்டு சென்றும் துயர் ஆறவில்லை. தம்பியைத் தாமே மடியில் வளர்த்தார். அவர் உடன்பிறந்தார் மட்டுமல்லர், மாணாக்கரும் ஆவர். அவர்தம் கையெழுத்தைக் காணுந்தொறும் நெஞ்சம் புரண்டதாம். திருமறைக் கல்வியும் அறிவு நூல்களும் இன்றேல் தாம் அத்துயரில் அழிந்தொழிந்திருத்தல் கூடும் என்பது அவர் ஒப்புக்கொண்ட உண்மை.

பின்னர் அவர் மருத்துவத் தொழிலை மேற்கொண்டு அதனாற் குடும்பத்தைத் தாங்கினார்.

இனி, அக்கல்வி யாது என்பது நோக்கற்பாலது. வழிபாட்டிற்கு முன் நெஞ்சை ஒருவழிப்படுத்தல் யூதர்தம் பழவழக்கு. அதனைக் கவ்வனா என்பர்; நெஞ்சைக் குறிநோக்கி நிறுத்தல் என்பது அதன் கருத்து. பண்டைப் பத்தர்கள் நெஞ்சை இறைவன்பால் திருப்புதற்பொருட்டு ஒருமணி நேரம் வாளாவிருந்து பின்னரே தொழுதனர் என்று மிசுனா என்னும் பழநூல் சொல்லும். தொழுதபின்னும் ஒருமணி நேரம் அவ்வாறிருந்தனர் எனத் தால்முது சேர்த்துரைக்கும். ஒருநாளிற் கழியும் மும்முறைத் தொழுகைக்கு ஒன்பது மணி நேரம் ஆயின், அவர் கற்றதும் உழைத்ததும் எப்பொழுது என்ற வினாவையும் அந்நூலே எழுப்பிக் கொள்கின்றது.

11-ஆம் நூற்றாண்டில் சரகோசா நகர்த் தீர்ப்பாளராயிருந்த பஹியா இப்ன் பக்குடா என்பவர் 1080-ஐ ஒட்டி 'நெஞ்சக் கடன்கள்' என்னும் பொருளமைந்த நூலொன்றை அரபு மொழியில் எழுதினார். 1161-இல் யூதா இப்ன் திப்போன் அதனை எபிரேயத்தில் பெயர்க்கத் தொடங்கினார். உறுப்புக்களாற் செய்யும் கடன்களைப் பற்றி நூல் பல உளவாகவும், நெஞ்சாற் செய்யும் கடன்களைத் தொகுத்தார் ஒருவரும் இலர் என்பதே அந்நூல் பிறந்த காரணம். பத்து வாயில்களாக அது பகுக்கப்பட்டுளது. இறைவனது ஒருமையில் தொடங்கி அன்பில் முடியும். எட்டாம் வாயில் ஆன்மாவின் கணக்கு எனப்படும். வாணிகன் நாடோறும் வரவு செலவு பார்ப்பதுபோல மனிதன் தன் நெஞ்சொடு தானே கணக்கிடுதற்குரிய முப்பது வகைகள் அதிற் கூறப்பட்டுள. அராபிய சூபியர் நூல்களினின்றும் பஹியா பலவற்றை எடுத்துக்கொண்டார் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. தீய எண்ணம் என்பது பகைவனைப்போல வெளியே நின்று வருவதன்று, கற்றவனிடத்து அறிஞனைப்போலவே வாதிட்டு வரும் என்று அவர் காட்டுமிடம் அந்நூலின் சிறந்த பகுதி எனலாம்.

'பிறர்பொருளை விரும்பற்க' என்பது பத்துக் கட்டளைகளுள் இறுதியானது. செயலை விலக்குதல் எளிது. எண்ணத்தை எவ்வாறு கட்டளையால் விலக்குவது? இவ்வினாவிற்கு 12-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஆபிரகாம் இப்ன் எஸ்ரா கூறிய விடை கருதத்தக்கது. நல்லறிவுடைய நாட்டுப்புறத்தான் அரசன் மகள் அழகியள் என்று கண்டும் அவளை விரும்பான். அது கூடாதென்று அவன் உளமறியும். இறைவன் தனக்கென வகுக்காத பொருளும் அத்தகையதே என்று ஒருவன் உணர்ந்துகொள்வானாயின், அவாவை அடக்க வேண்டுவதே இல்லை; அஃது எழாது. அவாவை எழவிட்டு அடக்குதலும், எழாவண்ணம் அறிவைத் திருத்துதலும் வேறு என்பதனை இவர் நன்கு கண்டனர்.

மைமோனிடிசின் பெருஞ்சட்ட நூல் 1180-ஐ ஒட்டி முடிந்தது. அதிற் கவ்வனா இல்லாத தொழுகை தொழுகையே அன்று என்றும், எல்லா எண்ணங்களினின்றும் நெஞ்சை வெறுமையாக்கி இறைவன் திருமுன் நிற்பதாகத் தன்னைக் காணல் வேண்டும் என்றும் விதித்தார். வழிநடந்து களைத்தோ, இடுக்கண் உற்றோ வந்தவன் மனம் நிலைபெறுங்காறும் மூன்றுநாள் வரை பொறுத்திருத்தல் வேண்டும் என்ற பழைய விதியும் ஆங்கு உண்டு. பாலையும் கடலும் கடந்துவரும் வாணிகர் நிறைந்த சமுதாயத்தில் அவ்விதி எத்துணைத் தேவையுடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1190-ஐ ஒட்டி அவர் அரபு மொழியில் முடித்த 'மயங்குவார்க்கு வழிகாட்டி' என்னும் நூலின் முன்னுரையில் ஒரு முத்து வருகின்றது. பழைய மறையுரையொன்றிலிருந்து எடுத்துக்காட்டிய உவமை அது. பண்டங்கள் நிறைந்த இருண்ட வீட்டில் ஒருவன் முத்தைப் போக்கடித்தான். முத்து வீட்டினுள்ளேதான் உளது. ஆயினும் அவனாற் காணவோ பயன்கொள்ளவோ முடியவில்லை. மிகச் சிறிய விலைக்கு வாங்கிய ஒரு திரியைக் கொளுத்தித் தேடிக் கண்டுகொள்கிறான். திருமறையின் வெளிக்கதை அத்திரி, உட்பொருள் அம்முத்து. மணி வாணிகத்தால் வாழ்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர்க்கு இவ்வுவமை வெறும் ஏட்டுவமையாய் இருந்திராது.

அந்நூல் மூன்றாம் பகுதி 51-ஆம் அதிகாரமே ஈண்டைக்குத் தலையாயது. அரசன் அரண்மனையில் வீற்றிருக்கிறான். குடிமக்களிற் சிலர் நகர்க்கு வெளியே உளர். சிலர் நகர்க்குள்ளிருந்தும் அரண்மனைக்கு முதுகைக் காட்டி நடக்கின்றனர், நடக்குந்தோறும் அகலுகின்றனர். சிலர் அரண்மனையை நோக்கி வந்தும் அதன் மதிலைக் கண்டிலர். சிலர் மதிலை அடைந்து வாயிலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வருகின்றனர். சிலர் வாயில் கடந்து முன்கூடத்தில் உலாவுகின்றனர். மிகச் சிலர் உள்ளே புகுந்து அரசனோடு ஒரே இடத்தில் உளர். அவ்விடத்தும் முயன்றன்றி அரசனைக் காணவும் கேட்கவும் இயலாது. மதிலைச் சுற்றி வருவோர் யாரெனில், விதிநூல்களைப் பயின்று ஒழுகியும் சமய அடிப்படைகளை ஆராயாத கல்வியாளரே என்று அவர் கூசாது கூறினார். இது பலருக்குச் சினமூட்டிற்று. சைவ நூற்பயிற்சியுடையார்க்குத் திருச்சுற்றுக்களும் சரியை முதலிய நாற்படிகளும் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும், அவர் படிகளை வகுத்தது அறிவின் திண்மை கொண்டேயாகலின் இரண்டையும் ஒன்றென முடித்தல் பொருந்தாது.

உவமைக்குப்பின் பயிற்சி கூறப்படுகின்றது. முதற்கண், ஷெமா என்னும் ஒருமை உரையை ஓதும்பொழுதும் தொழும்பொழுதும் சிந்தையைப் பிறவற்றினின்று முற்றும் நீக்குக. முதலடியில் மட்டும் நெஞ்சு வைத்து அமையற்க. இது பல்லாண்டுப் பயிற்சியால் நிலைத்தபின், திருமறையைப் படிக்கும்பொழுதும் கேட்கும்பொழுதும் நெஞ்சமுழுதும் அதன் பொருளில் நிற்கச் செய்க. அதுவும் நிலைத்தபின் ஏனை இறைவாக்கினர் உரைகளிலும், ஒவ்வொரு வாழ்த்திலும் அங்ஙனமே செய்க. வீட்டுப் பொருள், தொழில், உடம்பின் தேவை முதலியவற்றை எண்ணுதற்கு நேரம் இல்லையோ எனின், உண்டு. உண்ணும்பொழுதும் குளிக்கும்பொழுதும் மனைவி மக்களோடு பேசும்பொழுதும் எண்ணுக. இரவில் தனித்துப் படுக்கையில் விழித்திருக்கும் பொழுதோ மிக விலையுடையது; அதனை இறைவனை நினைத்தற்கன்றிப் பிறிதொன்றற்கும் செலவிடற்க. ஆபிரகாம் முதலிய முன்னோரும் மோசேயும் இதனினும் மேற்பட்டவர். கையும் காலும் ஆடுமாடு மேய்ப்பதில் இருக்கவும் அவர்தம் சிந்தை அவனை விட்டு நீங்கவில்லை. அந்நிலை பிறரால் எய்தற்கரிது என்றும், தம்போல்வாரைக் கைப்பிடித்து ஆண்டுச் சேர்க்கத் தம்மால் ஆகாது என்றும் வெளிப்படையாகவே கூறிவிட்டார்.

இவர் 1199-இல் தம் நூலை எபிரேயத்தில் பெயர்த்த சாமுவேல் இப்ன் திப்போனுக்கு எழுதிய மடலில் தம் நாளைக் கூறினார். விடியலில் புஸ்தாத்திலிருந்து கெய்ரோவிற்குச் சென்று அரண்மனையில் நோயாளரைக் காண்பார். நண்பகலுக்குப்பின் பசியோடு வீடு திரும்புவார். வீடெங்கும் நோயாளர் நிறைந்திருப்பர். சிறிது உண்டு இரவு வரை மருந்து எழுதுவார். களைப்பால் படுத்துக்கொண்டே அவரோடு பேசுவார். இரவுப் படுக்கையின் தனிமையைப் பொன்போலப் போற்றுக என்றவர் இத்தகைய நாளைக் கழித்தவர் என்பதை அறிந்தபின் அவ்விதியைப் படித்தால் அதன் எடை வேறு.

அவ்வதிகாரத்திலேயே மற்றொரு கருத்தும் உளது, கடுமையானது. ஒருவனுடைய சிந்தை இறைவன்பால் நிலைத்துள்ள அளவே இறைக்காவலும் அவனுக்கு உண்டு. சிந்தை நீங்கிய பொழுதிலேயே தீமை அவனைச் சேர்கின்றது என்றார். அங்ஙனமாயின், மறையும் இலக்கணமும் கற்றுப் 'பாலையிற் காத்தவன் கடலிலும் காப்பான்' என்று நம்பிக் கப்பலேறிய தம்பி? ஓராண்டு காய்ச்சலிற் கிடந்த தமையன்? நூலில் தம்பியின் பெயர் இல்லை. ஆனால் இக்கருத்தில் ஐயுற்று வினாவியவர் உண்டு. அவர் அச்சாமுவேல் இப்ன் திப்போனே. 1199-இல் அவர் இதனைக் குறித்துத் தனியே ஒரு மடல் எழுதினார். சிந்தை நிலைத்தவன் கப்பலிலிருந்தால் கப்பல் மூழ்காதா என்பதே வினாவின் சாரம் எனலாம். பின்வந்த உரைகாரருட் சிலர், காவல் என்பது உடற்கன்று. சிந்தை நிலைத்தவனுக்கு இழப்பு இழப்பாய்த் தோன்றாது, ஆகலின் தீமை அவனைத் தொடாது என்றே பொருள் கொண்டனர்.

இவ்வுரை நயமுடையதே. எனினும் யாபேத்துக்கு எழுதிய மடல் அதற்கு முழுதும் உடன்படவில்லை. கல்வி தம்மை அழியாமற் காத்தது என்று அவர் சொன்னார். துயரை உணராமற் செய்தது என்று சொல்லவில்லை. எட்டாண்டின் பின்னும் கையெழுத்தைக் கண்டு கலங்கியவர் அவர். நெறியை வகுத்தவரே அந்நெறியின் உச்சிக்கும் தமக்கும் இடையே நின்ற தொலைவை அறிந்திருந்தனர் என்று கொள்வதே அம்மடலுக்கும் நூலுக்கும் ஒத்த பொருளாம்.

18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசிதியர் இதற்கு மாறான ஒரு வழியைக் கண்டனர். தொழும்பொழுது ஊடே புகும் எண்ணத்தைத் தள்ளாது, அதன் வேரில் இறைவனைக் கண்டு மேலே தூக்குக என்பது அவருட் பலர் கூறிய நெறி. ஆயினும் 1796-இல் தான்யா என்னும் நூலை வெளியிட்ட சனியோர் சல்மான், அது முற்றத் துறந்த நிறைவினார்க்கே உரியதென்றும், ஏனையோர் அவ்வாறு முயலுதல் பேதைமை என்றும், எண்ணத்தைத் தள்ளி மீண்டும் தொழுகையில் நிற்றலே அவர்க்குரியதென்றும் வரைந்துவிட்டார். அவர் மைமோனிடிசைப் போன்றே பிறர்தம் ஆற்றலை அளந்து பேசுபவர்.

இந்தியாவிலுள்ள யூதர் ஓய்வுநாளும் எட்டாம்நாட் சடங்குமன்றி மறைநெறி ஒன்றும் அறியார் என்று மைமோனிடிஸ் பிரான்சிலுள்ள உலூனேல் நகரத்தார்க்கு எழுதினார். அது கேள்வியால் எழுதியது. கொச்சியில் 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர் கோயிலும், 1615-இல் மறைந்த நெகேமியா மோட்டா என்னும் பாவலர்தம் கல்லறையில் பல சமயத்தாரும் விளக்கேற்றி வழிபட்டு வருதலும் வேறு கதையைச் சொல்லும்.

முத்துக்கரைக்கோ யூதக் குருதியுடைய ஒருவர் பிறிதொரு சமயத்தின் பெயரால் வந்தார். அண்டிரிக் அடிகளார் எனத் தமிழ் மக்கள் வழங்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1520-இல் போர்ச்சுக்கல் நாட்டு வில விசோசாவில் புதுக்கிறித்தவர் குடியிற் பிறந்தார். கட்டாயத்தால் மதம் மாறிய யூதர் வழியினர்க்கு அந்நாட்டில் அப்பெயர். முன்னோர் யூதர் என்பதற்காகப் பிரான்சிசுகர் துறவுக் குழுவினின்று அவர் நீக்கப்பட்டார். 1545-இல் ஏசு சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு இந்தியா வந்து, 1547 முதல் இக்கரையில் பரதவரிடையே தங்கினார். புன்னைக்காயல் அவர்க்கு நிலையிடம் ஆயிற்று. தமிழ் கற்று இலக்கணமும் எழுதினார். தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. கிரீசித்தியானி வணக்கம் 1579-இல் கொச்சியில் அச்சேறியது. 1580-இல் பாவ அறிக்கைக்குரிய நூலொன்றும் கொச்சியிலேயே வெளிவந்தது. எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் வரும் குற்றங்களை ஆராய்தற்கென எழுந்த வகையிற் சேர்ந்தது அது.

அந்நூலை யூதர் நெறியின் வழிவந்ததென்று எழுதுவார் தவறுவர். அது உரோம சமயத்து நூல். குற்றத்தைக் குருவினிடத்துச் சொல்லுதல் அச்சமய வழக்கு. யூதரோ குற்றத்தை இறைவன்முன் தாமே வாயால் ஒப்புக்கொள்வர். மனிதர்க்குச் செய்த குற்றத்தை அம்மனிதரிடத்தே சென்று தீர்த்துக்கொள்வர். இடையே குரு இல்லை. பத்துக் கட்டளைகளை அளவுகோலாகக் கொண்டு நெஞ்சை ஆராய்தல் மட்டுமே இருவர்க்கும் பொது. குருதியால் ஒருவன் சிந்தையை அளந்த சபையார், 1593-இல் புதுக்கிறித்தவர் எவரும் இனி ஏசு சபையிற் சேரலாகாதென்று விதி செய்தனர். அப்பொழுது அடிகளார்க்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. சபையில் அவர் சேர்ந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1600-இல் அவர் மறைந்தார். தூத்துக்குடியில் அடக்கஞ் செய்யப்பட்டார்.